ஒரே உடம்பு, ரெண்டு ராசா

வாயாடிக் கொழுந்தியாளின் வம்புக்கு ஒருநாளும் கதவைச் சாத்தாத என் மச்சானுக்கு,

பாக்கியம் எழுதிக்கொள்வது. போன மலருக்கு அப்புறம் தவறிப்போனவங்களைப் பத்தி நம்ம தமிழ்ச் சங்கத்து மலரில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதலாம்னு சொன்னாங்க. மத்தவங்க எல்லாம் "அமரர்", "பண்பின் சிகரம்"னு எழுதிக் குடுத்திருக்காங்க. உங்களைச் சிகரம்னு எழுதினா நீங்களே எந்திரிச்சு வந்து சிரிப்பீங்க. அஞ்சே கால் அடி ஆளு எங்கே, சிகரம் எங்கே! அதனால நேரா உங்களுக்கே எழுதிடறேன். படிக்கிறவங்க படிச்சுக்கட்டும். ஒரு பக்கம்னு சொல்லியிருக்காங்க. நான் என்னைக்கு ஒரு பக்கத்தோட நிறுத்தினேன்? அஞ்சாங்கிளாஸோட நின்ன கை இது. எழுத்துப் பிழையை மலர்க்காரங்க திருத்திக்குவாங்க, என்னைத்தான் திருத்த முடியாது.

போன ஞாயித்துக்கிழமை உங்க முதல் தெவசம் முடிஞ்சது. வெஸ்ட் வின்ட்சர்ல, உங்க மகன் செந்தில் வீட்டிலேதான். காக்காய்க்குச் சோறு வச்சுட்டு அக்கா கால்மணி நேரம் "கா, கா"ன்னு கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு காக்காயும் எட்டிப் பார்க்கலை. பின்னாடி குளத்திலேருந்து ஒரு வாத்து ஆடி ஆடி வந்து, வடையிலேருந்து ஆரம்பிச்சு இலையைக் காலி பண்ணிட்டுப் போச்சு. நடை உங்க நடை மாதிரியே இருந்துச்சா, நான் ஒண்ணும் சொல்லலை.

ஆனா அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி உங்க படத்தை வச்சு வீட்டிலே ஒரு யுத்தமே நடந்தது, மச்சான். சுவத்துல தொங்கப்போறது நீங்களா, இல்லே வேற எவனோவான்னு யுத்தம். உங்க பேத்திக்கு ரெண்டு வயசு. உங்க முகம் அவளுக்கு ஞாபகம் இருக்கப்போறதில்லை. சுவத்துல எது தொங்குதோ அதுதான் அவளுக்குத் தாத்தா. விடுவேனா நான்?

அதுக்கு முன்னாடி ஒரு சேதி. உங்க வேலை இப்போ எனக்கு.

உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். தேனியில சாமி படத்துக்கும் தலைவர் படத்துக்கும் பிரேம் போட்டுக்கிட்டு இருந்த ஆள் நீங்க. கடல் தாண்டி இந்த ஜெர்சி சிட்டி ஓட்டலுக்குச் சமையல்காரரா வந்தீங்க. கொஞ்ச வருஷத்துல என் வீட்டுக்காரரையும் அதே அடுப்படிக்கு இழுத்துக்கிட்டீங்க. அடுப்புச் சூடு நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதும், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஏஞ்சலாம்மாவோட பிரேம் கடையில போய் நின்னீங்க. எழுபது வயசு இத்தாலிக்காரம்மா அவங்க. அவங்க இங்கிலீஷ் உங்களுக்குப் புரியாது, உங்க இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியாது. ஆனா ரெண்டு பேரும் நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பீங்க.

நீங்க போனப்புறம் உங்க ஏப்ரனையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துட்டு வரலாம்னு கடைக்குப் போனேன். மேசை மேல பாதி வேலை கிடந்தது. ஏஞ்சலாம்மா அதைக் காட்டி, கையை விரிச்சு, "யாரு முடிப்பா?"ன்னு சைகையில கேட்டாங்க. நானும் சைகையிலேயே என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

வீட்டிலே எல்லாரும் சிரிச்சாங்க. "சித்தி, அது கண்ணாடி வெட்டற வேலை, கையெல்லாம் கிழிச்சுக்குவீங்க"ன்னான் செந்தில். "உங்க அம்மா தேங்காய் உடைக்கிறப்போ பக்கத்துல நின்னு பொழைச்சவடா நான். கண்ணாடி என்னை என்ன செய்யும்?"னேன். முதல் வாரம் மூணு கண்ணாடி உடைஞ்சது. அது நமக்குள்ள இருக்கட்டும்.

அந்தப் பாதி வேலைதான் ரோமாபுரி ராசாக்கள். செம்புத் தகட்டிலே உளியால கோடு கோடாக் கீறி, மை தடவி, காகிதத்திலே அழுத்தி எடுத்த பழைய படங்க. மொத்தம் பன்னெண்டு பேரு. ஒரு வக்கீல் தான் புதுசாக் கட்டற ஆபீசு நடையிலே வரிசையா மாட்டணும், அவசரமில்லைன்னு குடுத்தது. வழக்குக்கு வர்றவன் அந்தப் பன்னெண்டு பேரு முறைப்பையும் தாண்டித்தான் வக்கீல்கிட்டே போகணுமாம். "நம்ம ஊர் எம்.எல்.ஏ. வீட்டு வராந்தா மாதிரி"ன்னு, நான் மத்தியானச் சோறு கொண்டாந்து குடுக்கிறப்போ சொன்னீங்க. "உள்ளே போறதுக்குள்ள பாதி ஆள் சுருங்கிடுவான்."

ஏழு ராசாவுக்குப் பிரேம் போட்டு முடிச்சுட்டு, எட்டாவது ஆளுக்குக் கண்ணாடியை வெட்டி வச்சுட்டுப் போனீங்க. ஒவ்வொருத்தருக்கும் நீங்க வச்ச பட்டப்பேரு படத்துக்குப் பின்னாடி ஒட்டற அட்டையில பென்சில்ல இருக்கு. தொப்பையன், மூக்கன், பல்வலிக்காரன். நீரோவுக்கு மட்டும் "மாப்பிள்ளை முறுக்கு". மொட்டைத் தலையை மறைக்கத்தான் ஒருத்தரு இலை மாலையைத் தலையில வச்சுக்கிட்டாராம், ஏஞ்சலாம்மா சொன்னாங்க. "நம்மாளு துண்டைக் கட்டிக்குவான், இவன் இலையைக் கட்டியிருக்கான்"னீங்க.

அந்த 'ஐ எம் பி' கூத்து ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு ராசா பேருக்கு முன்னாடியும் ஐ, எம், பின்னு மூணு எழுத்து இருந்தது. நீங்க எனக்குப் பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் சொன்னீங்க. "செந்தில் தேனியில ஒன்பதாவது படிக்கையில கேள்விக்குப் பக்கத்துல வாத்தியார் இதேதான் போடுவாரு. இம்ப்பு. இம்பார்ட்டன்ட். இவங்கள்லாம் பரீட்சைக்கு வர்ற ராசாங்க, பாக்கியம்." நானும் நம்பி ஏஞ்சலாம்மாகிட்டே போய் "எக்சாம் கிங், எக்சாம் கிங்"னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அவங்க சிரிச்ச சிரிப்புல மூக்குக்கண்ணாடி கழண்டு விழுந்துச்சு. அது இம்பரேட்டராம், சக்கரவர்த்தின்னு அர்த்தமாம். நீங்க அசரலையே. "நான் சொன்னதும் அதேதான். தன் பேருக்கு முன்னாடி தானே முக்கியம்னு போட்டுக்கறவன்தானே சக்கரவர்த்தி?"

இன்னொண்ணும் சொல்வீங்க. "கிட்டப் போனா வெறும் கோடு, எட்டி நின்னாத்தான் ராசா." அப்போ விளையாட்டுப் பேச்சுன்னு விட்டுட்டேன். தினமும் மூக்கு ஒட்ட வச்சுக்கிட்டு வேலை பார்க்கிறப்போதான் புரியுது. கன்னம் கோடு, கிரீடம் கோடு, கண்ணுல இருக்கிற அதிகாரமும் நாலு கோடு. இந்தப் படத்தைக் கீறினவன் ஒருத்தனும் அந்த ராசாக்களைப் பார்த்ததே இல்லையாம். இவன் பொறக்கிறதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே அவங்க மண்ணாப் போயிட்டாங்களாம்.

ஒரு நாள் பத்தாவது ராசாவையும் பதினொண்ணாவது ராசாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். என்னமோ இடிச்சது. மார்புக் கவசத்துல ஒரு சிங்க முகம், அதுல ஒரு பல்லு மட்டும் கோணல். பக்கத்து ஆளுக்கும் அதே சிங்கம், அதே கோணப்பல்லு. தோள்ல கிடக்கிற துணி மடிப்பு அதே, கோலைப் பிடிச்ச கை அதே. தலை மட்டும் வேற. காதுக்குப் பின்னாடி உத்துப் பார்த்தா பழைய ஆளோட முடி லேசாத் தெரியுது.

ஏஞ்சலாம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதான் போல, சைகை பாதி இங்கிலீஷ் பாதியா விளக்கினாங்க. செம்புத் தகட்டுல தலை இருக்கிற இடத்தை மட்டும் தேய்ச்சு மழிச்சுட்டு, அதே கழுத்துல புதுத் தலையைக் கீறிடுவாங்களாம். ராசா மாறினா தலை மாறும். உடம்புக்கும் கவசத்துக்கும் என்ன கேடு? அப்படியே இருக்கும்.

எனக்குத் தேனிக் கடைதான் கண்ணு முன்னாடி வந்தது. ஆட்சி மாறின மறுநாள் ஆபீசு பியூனுங்க வரிசையா வருவாங்களே, பழைய பிரேமைக் கக்கத்துல வச்சுக்கிட்டு? "அண்ணே, பிரேம் நல்லாத்தான் இருக்கு, உள்ளே ஆளை மட்டும் மாத்திக் குடுங்க." நீங்களும் மாத்திக் குடுப்பீங்க. எத்தனை ஆளை மாத்தியிருக்கும் அந்தக் கை!

இந்த லட்சணத்துல நான் இருக்கேன், செந்தில் ஒரு பெரிய கவரோட வந்து நிக்கிறான், ஜெர்சி சிட்டியில என் வீட்டு வாசல்ல.

"சித்தி, தெவசத்துக்கு அப்பா போட்டோ ரெடி. கம்ப்யூட்டர்ல பண்ணினது. நீங்களே பிரேம் போட்டுருங்க."

எடுத்துப் பார்த்தேன். நீலக் கோட்டு, சிவப்பு டை, சிம்மாசனம் மாதிரி நாற்காலி, அது கைப்பிடி மேல கம்பீரமா ஒரு கை.

"யாருடா இது?"

"அப்பா, சித்தி."

"அப்படியா? எந்த பேங்க்ல மேனேஜரு?"

அவன் சிரிக்கலை. நானும் சிரிக்கலை, மச்சான். கழுத்துக்கு மேல இருந்தது உங்க பாஸ்போர்ட் போட்டோ மூஞ்சி. ஊர்ல எடுத்தது, என்ன கேட்பாங்களோன்னு முழிக்கிற முழி. கோட்டுக்குள்ள யாரோ உங்களைப் பிடிச்சு அடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு.

"ப்ளீஸ் சித்தி, புரிஞ்சுக்கங்க. ஞாயித்துக்கிழமை என் மேனேஜர் வைஃபோட வரார். நெய்பர்ஸ் வராங்க. அப்பாவோட டீசன்ட்டா ஒரு போட்டோ நம்மகிட்டே இல்லை. எல்லாத்துலயும் ஏப்ரன், இல்லேன்னா லுங்கி."

"அந்த லுங்கியைப் பிடிச்சுக்கிட்டுத்தான்டா நீ நடக்கப் பழகினே."

"அதை நான் மறக்கலை. ஆனா வர்றவங்களுக்கு அது தெரியாதில்லே?"

அன்னைக்கே அக்காகிட்டே போன்ல நியாயம் கேட்டேன். அவளும் மகன் கட்சி. "விடுடி பாக்கியம். இருந்தவரைக்கும் மனுஷன் ஒரு கோட்டு போட்டுப் பார்க்கலை. இப்பவாச்சும் போட்டுக்கட்டுமே"ன்னாள். அவள் சொன்ன விதத்துல ஒரு நிமிஷம் எனக்கே மனசு இளகிடுச்சு. ஒரு நிமிஷம்தான். பத்தாவது ராசாவோட கழுத்து ஞாபகம் வந்துருச்சு.

"தலை மாத்தின படத்துக்கு நான் பிரேம் போட மாட்டேன்"னு செந்தில்கிட்டே கண்டிசனாச் சொல்லிட்டேன். "அப்போ மால்ல குடுத்துப் போட்டுக்கறேன்"னு அவன் கையை நீட்டினான். விட்டா காரியம் கெட்டுப்போகும். "சரி சரி, இருக்கட்டும், முதல்ல அளவு எடுக்கறேன்"னு கவரைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். அளவு எடுக்கவா? அவகாசம் எடுக்கத்தான்.

மறுநாள் கடை மேசையில அந்தப் படத்தைப் போட்டு, நீங்க ராசாக்களைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வச்சுக்கிட்டு உச்சியிலேருந்து பார்த்தேன். காலர்கிட்டே உங்க கழுத்துக் கருப்பும் அந்தக் கழுத்துக் கருப்பும் ஒட்டலை. சரி, அது தெரிஞ்சதுதான். கைக்கு வந்தேன். இடது கை சுண்டுவிரல் வெளிப்பக்கமா வளைஞ்சு இருந்தது.

அந்த விரலை எனக்குத் தெரியும், மச்சான். செந்திலுக்கு அஞ்சு வயசு இருக்கிறப்போ, தகரப் பெட்டி மூடி விழுந்து நசுங்கின விரல். அவனே மூடியை இழுத்துப் போட்டுக்கிட்டான்னு அன்னைக்கு உங்ககிட்டே சொன்னேன். பொய். மூடியைப் போட்டது நான்தான், பேச்சு சுவாரஸ்யத்துல பார்க்கலை. இத்தனை வருஷம் கழிச்சுச் சொல்றேன், மன்னிச்சுக்குங்க. சங்கத்துக்கே தெரியற மாதிரி சொல்லிட்டேன், அதுக்காகவாவது மன்னிச்சுக்குங்க.

கோட்டுக்குள்ள இருந்தது செந்தில் உடம்பு. அவனே நாற்காலியில உட்கார்ந்து எடுத்துக்கிட்டு, தலையை மட்டும் மழிச்சுட்டு உங்க தலையை வச்சிருக்கான். ராசா கதை கேட்காமலேயே ராசா வேலை!

அப்போதான் எனக்கு இன்னொண்ணு பளிச்சுனு பட்டது. படத்தைச் சுருட்டிக்கிட்டு நேரா ரயில் ஏறிட்டேன், செந்தில் வீட்டுக்கு இறங்கற பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு.

சனிக்கிழமை மத்தியானம். அக்கா உளுந்து ஊறப்போட்டுக்கிட்டு இருந்தாள். செந்தில் சோபாவில லேப்டாப்போட. ரெண்டாயிரம் வருஷம் பொறந்தா உலகத்துல இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் படுத்துக்குமாம், அதைத் தூக்கி நிறுத்தற வேலை அவனுக்கு, லீவு நாளும் லீவு கிடையாது. நான் அவன் பக்கமே திரும்பலை.

"அக்கா, நாளைக்கு மாலை எத்தனை முழம் சொல்லியிருக்கே?"

"நாலு முழம். நெஞ்சு வரைக்கும் விழ வேண்டாமா?"

"யாரு நெஞ்சு?"

"கேள்வியைப் பாரு. உங்க மச்சான் நெஞ்சு."

படத்தை விரிச்சு, விரலைக் காட்டினேன். "இது யாரு கைன்னு பார்த்துச் சொல்லு."

கண்ணாடியை மாட்டிக்கிட்டு அக்கா குனிஞ்சாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். உளுந்துக் கையை அப்படியே தலையில வச்சுக்கிட்டாள்.

"அடப்பாவி செந்திலு! உசுரோட இருக்கிற உன் நெஞ்சுலயா நான் மாலை போட இருந்தேன்? விளக்கு ஏத்தி வச்சு, விழுந்து வேற கும்பிட்டிருப்பேனே!"

"அம்மா, இட் இஸ் ஜஸ்ட் அ பிக்சர்..."

"வாயை மூடு!"

அடுத்த நிமிஷம் கல்லுப்பும் காஞ்ச மிளகாயும் எடுத்தாந்து மகனை நிக்க வச்சு மூணு சுத்துச் சுத்தினாள். கொண்டுபோய் அடுப்புத் தீயில போட்டாள். புகை கிளம்பிச்சா, அந்த வீட்டுல அறை அறைக்குக் கூரையில ஒட்டி வச்சிருக்காங்களே புகை அலாரம், அது எல்லாம் ஒண்ணாக் கத்த ஆரம்பிச்சிருச்சு. இருமிக்கிட்டே எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். அந்த டிரைவ்வேயில நின்னு நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். நீங்க பக்கத்துல இல்லாம அவ்வளவு பெரிய சிரிப்பை நான் தனியாச் சிரிக்க வேண்டியதாப் போச்சு.

செந்தில் காரு மேல சாய்ஞ்சு நின்னான். கண்ணு சிவந்திருந்தது. மிளகாயின்னுதான் நினைச்சேன்.

"அந்தக் கோட்டு அப்பா வாங்கிக் குடுத்தது, சித்தி. என் முதல் இன்டர்வியூவுக்கு. ஒரு தடவை நீங்க போட்டுப் பாருங்கப்பான்னு கேட்டேன். தோளைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தாரு, தூசி தட்டினாரு, போட்டுக்கலை. 'உனக்கு அளவெடுத்தது மாதிரி இருக்குடா'ன்னாரு." காரு கண்ணாடியை விரலால துடைச்சான். "வெக்கமும் இருந்தது, சித்தி. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ரெண்டும் இருந்தது."

 

"காரை எடு, கடைக்குப் போவோம்"னேன்.

ஆறு வருஷமா நியூபோர்ட்ல வேலை பார்க்கிறான். அங்கேயிருந்து உங்க கடை ரயில்ல அஞ்சாறு நிமிஷம். அன்னைக்குத்தான், மச்சான், முதல் தடவையா உள்ளே வந்தான். ஏஞ்சலாம்மா அவன் மூஞ்சியைப் பார்த்ததுமே உங்க பேரைச் சொல்லிக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் ரெண்டு ராசாவையும் எடுத்துப் போட்டேன். சிங்கத்தோட கோணப்பல்லைத் தொட்டுப் பார்த்துட்டு, "அப்பவே கட் அண்ட் பேஸ்ட்டா?"ன்னான். அப்புறம் மெதுவா, "அப்பா எங்கே நின்னு வேலை பார்ப்பாரு?"ன்னு கேட்டான். காட்டினேன். அந்த இடத்துல போய் நின்னான். மேசை அவனுக்கு ரொம்பத் தாழ்வா இருந்துச்சு.

ஏஞ்சலாம்மாகிட்டே உங்க படம் ஒண்ணே ஒண்ணு இருந்தது. நீங்க பார்க்காதப்போ எடுத்தது. ஏப்ரன், காதுல பென்சில், பிரேமோட மூலை சரியா இருக்கான்னு ஒரு கண்ணை மூடிக்கிட்டு வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கறீங்க. அதைப் பெருசாக்கி வாங்கினோம். நான் ஆணி அடிச்சேன், செந்தில் மூலையைப் பிடிச்சுக்கிட்டான். கறுப்புச் சட்டம், தங்கப் பூச்சு கிடையாது. அக்கா பார்த்ததும், "இதென்னடி, ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு! யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரு?"ன்னு கோவிச்சுக்கிட்டாள். "உன்னைத்தான், வேற யாரை"ன்னேன். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாள். மாலை நாலு முழமும் உங்க மேலதான் விழுந்துச்சு. அந்தக் கோட்டுக்காரனுக்கு அவனோட சொந்தத் தலையைத் திருப்பி வைக்கச் சொல்லி மாடியில மாட்டியாச்சு.

தெவசத்துக்கு மேனேஜர் வந்தாரு. செருப்பைக் கழட்டிட்டு, உங்க படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. "உங்க அப்பா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?"ன்னு செந்திலைக் கேட்டாரு. அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்குப் புரியும். வடைத் தட்டோட அப்படியே நின்னுட்டேன்.

செந்தில் உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஹி வாஸ் இன் த ஆர்ட் பிசினஸ்"னான்.

எனக்குப் புரையேறிடுச்சு. கலை வியாபாரமாம்! படம் மாறிடுச்சு மச்சான், வாயி இன்னும் மாறலை. பாதிக் கோட்டு இன்னும் அவன் நாக்குல தொங்குது.

தெவச வீடாச்சேன்னு இந்தத் தடவை விட்டேன். ஆனா கேட்டுக்குங்க. அவனை மாசம் ஒரு சனிக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கேன், கண்ணாடி தூக்கித் தர ஆள் வேணும்னு சாக்குச் சொல்லி. வருவான். வராட்டா அக்காகிட்டே மிளகாயைக் குடுத்து விடுவேன். அடுத்த தெவசத்துக்கு அதே மேனேஜர் வரட்டும், அதே கேள்வியைக் கேட்கட்டும். "எங்கப்பா ஓட்டல்ல சமைச்சாரு, அப்புறம் படத்துக்கு பிரேம் போட்டாரு"ன்னு உங்க மகன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். தமிழ்ல சொன்னாப் பத்தாது. வந்தவங்க அத்தனை பேருக்கும் புரியற மாதிரி இங்கிலீஷ்ல, சத்தமா, உங்க பேத்தி காதுல விழற மாதிரி.

இப்படிக்கு,
உங்க பொண்டாட்டிக்குத் தங்கச்சி, உங்க மேசைக்கு வாரிசு,
கொழுந்தியா பாக்கியம்
ஜெர்சி சிட்டி